சுன்னாகத்திலிருந்து ஒன்பது கிளிக்

"உங்களுக்கு ஏதும் நடந்தால் ஆருக்கு அறிவிக்கிறது?"

மூன்று வருடத்துக்கு முன்பு, காய்ச்சலோடு போய் நின்ற உதயகலாவிடம் ஒரு தாதி கேட்ட கேள்வி அது. தாதியில் பிழை இல்லை. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்பவேண்டி இருந்தது. உதயகலா யோசித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். கடைசியில் தன்னுடைய கந்தோர் இலக்கத்தையே கொடுத்துவிட்டு வந்தாள். அந்தத் தொலைபேசியை எடுக்கிறவளும் அவள்தான் என்று தாதிக்குத் தெரியாது.

கந்தோர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுன்னாகம் சந்தைக்குப் பின்னால், போட்டோக் கொப்பிக் கடையின் மேல்மாடி அறை. ஒரு மேசை, ஒரு கணினி, மூன்று கதிரை. காற்று தெற்கே திரும்பினால் வெங்காய வாசம் அனுமதி கேளாமல் உள்ளே வந்து உட்காரும். வாசலில் 'உதயா விசாரணை நிலையம்' என்று பலகை. களவுபோன நகையைத் தேடித்தான் சனம் வரும் என்று எண்ணி அதைத் தொங்கவிட்டாள். வந்தவர்களோ, காணாமல் போன வாடிக்கையாளரைத் தேடித் தரச்சொல்லி வந்தார்கள். இந்தக் காலத்தில் கடைகள் கூகிளில் விளம்பரம் போடுகின்றன. அங்கே வருகிற ஆட்கள் காலடி வைத்த தடம் எல்லாம் பதிவில் கிடக்கும். அந்தத் தடத்தைப் படிக்க உதயகலாவுக்குத் தெரியும். மனிதரோடு கதைக்கத்தான் அவளுக்கு வராது.

அதற்குத்தான் லியோன் இருந்தான். நாற்பத்தைந்து வயது, ஒரு ஓட்டோ, ஓயாத வாய்.

"தங்கச்சி, ஒரு கேஸ் வருது" என்றான் அந்த வியாழக்கிழமை மத்தியானம், யன்னலால் எட்டிப் பார்த்து. "ஸ்கூட்டியை நிப்பாட்டின விதத்தைப் பாத்தால் கோவமான கேஸ். ஸ்டாண்டுக்கு வாய் இருந்திருந்தால் அழுதிருக்கும்."

படியேறி வந்தவளுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். தலையில் ஹெல்மெற், மூக்குவரை வெயிலுக்குச் சுற்றிய துணி. இரண்டையும் கழற்றிய பிறகுதான் முகம் தெரிந்தது. பெயர் ரஞ்சினி. கலியாண வீட்டுக்கும், பெரியபிள்ளையான பெண்களின் சாமத்திய வீட்டுக்கும் மணவறை சோடிக்கிற கடை வைத்திருந்தாள். கணவன் கட்டாரில்.

"அக்கா, என்ரை விளம்பரத்தை ஆரோ திண்டுகொண்டிருக்கினம்" என்றாள் உட்காராமலே.

"திண்டு?"

"கூகிளிலை மணவறை எண்டு தேடினால் எல்லாத்துக்கும் மேலை என்ரை கடை வரும். ஆரும் அதை அமத்தினால் எனக்குக் காசு வெட்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிளிக்தான் நான் தாங்குவன். அது முடிஞ்சால் அண்டைக்கு விளம்பரம் படுத்திடும்."

"பிறகு?"

"காலமை எட்டரைக்குள்ளை ஒன்பது கிளிக் போயிடுது. எல்லாம் சுன்னாகத்திலை இருந்து. பதினொரு மணிக்கு மிச்சம் மூண்டும் போயிடும்."

உதயகலா மேசையில் விரலால் தட்டினாள். "லண்டனிலை சனம் எழும்பேக்கை இஞ்சை பதினொன்றரை தாண்டியிருக்கும். கனடாக்காரர் எழும்பேக்கை பின்னேரம்."

"அதுதானக்கா! எனக்கு ஓர்டர் தாறது அவைதான். ஆவணியிலை பிள்ளையளோடை வந்திறங்கி, ஊரைக் கூப்பிட்டுச் செய்யிறவை. அவை தேடேக்கை நான் இல்லை." அவள் குரல் உடைந்து, உடனே நிமிர்ந்தது. "ஆவணி போனால் கடை போச்சு. பூட்டிப்போட்டு நானும் கட்டாருக்குப் போறதுதான்."

"ஆரிலை சந்தேகம்?"

"சுபாங்கன். அச்சுவேலியிலை சோடினைக் கடை வைச்சிருக்கிறான். முந்தி ரெண்டு பேரும் ஒண்டாச் செய்தனாங்கள். பிரிஞ்ச நாளிலை இருந்து பகை. நாளைக்கு மத்தியானம் பொலிசிலை என்ட்றி போடப்போறன். அதுக்குள்ளை நீங்கள் பிடிச்சால் பிடியுங்கோ."

விளம்பரத்தை அழுத்தினால் என்ன வரும் என்று உதயகலா கேட்டாள். ரஞ்சினி கைபேசியில் காட்டினாள். ஒரு பக்கம், அதன் நடுவில் ஒரு கலியாண வீடியோ. தாமரைப்பூ வடிவில் மணவறை, அதில் ரஞ்சினியே மணப்பெண்.

"என்ரை சொந்தக் கலியாணம். நான் முதல் முதல் சோடிச்ச மணவறையும் அதுதான். ஆறு வருசமாச்சு."

"நல்ல வடிவு" என்றான் லியோன். "உங்கடை ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லை?"

"என்ரை பக்கத்திலை ஒருத்தரும் வரேல்லை" என்று சொல்லி, ரஞ்சினி கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டாள். அந்தப் பையின் சிப்பை இழுத்த வேகத்தில் கேள்வியும் சேர்ந்து பூட்டுப்பட்டது.

•

அச்சுவேலி போகும் வழியெல்லாம் லியோன் கதைத்துக்கொண்டே வந்தான்.

"ஒன்பது கிளிக். ஒன்பது வேறை வேறை ஃபோன். இது ஒரு பட்டாளம், தங்கச்சி. ஒரே ஃபோனாலை திரும்பத் திரும்ப அமத்தினால் கூகிள் மோப்பம் பிடிச்சு அதைத் தள்ளிவிடும். அது தெரிஞ்ச ஆள் ஆரோ பெடியளைப் பிடிச்சு வைச்சு அமத்திவிக்கிறான்."

"ஓம்" என்றாள் உதயகலா. அவளுடைய 'ஓம்'மில் பல வகை உண்டு. இது, நான் கேட்கவில்லை என்கிற வகை.

சுபாங்கன் இரண்டு பிளாஸ்டிக் யானைகளுக்கு நடுவில் நின்று ஒன்றின் தும்பிக்கைக்கு வெள்ளைப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் தூரிகையை யானையின் முதுகில் வைத்தான்.

"அக்கா, என்னட்டை வேலை செய்யிறது மூண்டு பெடியள். உவங்களைக் காலமை ஒன்பது மணிக்கு முதல் எழுப்ப ஒரு வழி சொல்லுங்கோ, பேந்து ஒன்பது ஃபோனைப் பற்றிக் கதைப்பம்."

லியோன் சிரித்துவிட்டான். உதயகலா சிரிக்கவில்லை. "ஒரு கதைக்குக் கேக்கிறன். ரஞ்சினியைக் கெடுக்கவேணும் எண்டு நீங்கள் அவவின்ரை விளம்பரத்தை அமத்தினால், அந்தப் பக்கத்திலை எவ்வளவு நேரம் நிப்பியள்?"

"ரெண்டு செக்கன். அமத்தினவுடனை காசு வெட்டிடுமே. மற்றாளின்ரை மணவறையை நிண்டு பாக்க எனக்கென்ன விசரோ?" சுபாங்கன் தூரிகையை மறுபடி எடுத்தான். பிறகு, யானையைப் பார்த்தபடியே, "பொலிசுக்குப் போகப்போறாளோ?" என்று கேட்டான்.

"நாளைக்கு."

"போகட்டும். அவளுக்கு ஆரையாவது கோவிக்கவேணும். கிட்ட இருக்கிறது நான்தானே."

ஓட்டோவில் ஏறியதும் உதயகலா சொன்னாள்: "அவன் இல்லை."

"மூஞ்சையைப் பாத்தோ?"

"பதிவைப் பாத்து. அந்த ஒன்பது பேரும் ஒவ்வொரு நாளும் நாலு நிமிசம் பன்னிரண்டு செக்கனுக்குக் குறையாமல் நிக்கினம். அது வீடியோவின்ரை நீளம். கள்ளன் ஆரும் களவெடுத்த வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறதில்லை, லியோன் அண்ணை."

•

பின்னேரம் கந்தோரில் கணினி வெளிச்சம் மட்டும் இருந்தது. லியோன் கீழே போய் இரண்டு ரோல்ஸ் வாங்கி வந்தான். ஒன்றை அவள் பக்கம் தள்ளினான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

ரஞ்சினி திறந்துவிட்டுப் போன விளம்பரக் கணக்கில் ஒரு பட்டியல் உண்டு. அழுத்துவதற்கு முன் அந்த மனிதர் என்ன சொல்லித் தேடினார் என்று காட்டுகிற பட்டியல். உதயகலாவுக்கு உலகத்திலேயே பிடித்த வாசிப்பு அது. பெண்சாதிக்குச் சொல்லாததை, வைத்தியருக்குச் சொல்லாததை, மனிதர் அந்தத் தேடல் கட்டத்துக்குள் சொல்லிவிடுவார்கள். யாரும் கேட்கவில்லை என்ற நம்பிக்கையில்.

"இதை வாசியுங்கோ" என்றாள்.

லியோன் குனிந்து வாசித்தான். "பிள்ளை, சுன்னாகத்திலை மணவறை சோடிக்கிற கடையின்ரை கலியாணப் படத்தை ஒருக்காக் காட்டும்." அடுத்த வரி. "பிள்ளை, அந்தத் தாமரை மணவறைக் கலியாணத்தைத் திருப்பிக் காட்டும் பாப்பம்." அவன் நிமிர்ந்தான். "இதென்ன, கூகிளோடை கதைக்கினமோ, புடவைக் கடைப் பிள்ளையோடை கதைக்கினமோ?"

"எழுதத் தெரியாமல் வாயாலை சொல்லித் தேடியிருக்கு. ஒன்பது ஃபோன். ஆனால் ஒரே வாய்."

"ஒரு ஆளா? ஒரு ஆளிட்டை ஒன்பது ஃபோனா?"

"ஒரு ஆளிட்டை ஒரு ஃபோனும் இல்லை. மற்ற ஆக்களிட்டை வாங்கிப் பாக்கிறார்."

லியோன் ரோல்ஸைக் கடிக்க மறந்தான்.

"முன்பின் தெரியாத ஆளுக்கு ஃபோனை நாலு நிமிசம் குடுத்திட்டுச் சும்மா நிக்கிற மனுசர் எங்கை இருப்பினம்?" என்று கேட்டாள் உதயகலா. "சந்தையிலை ஒருத்தருக்கும் நேரமில்லை. பஸ்ஸுக்கு நிக்கிறவன் ஒரு கண்ணை றோட்டிலை வைச்சிருப்பான். வந்து இறங்கி, ரிக்கற் எடுத்து, வாங்கிலை இருந்து, இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு எண்டு கொட்டாவி விடுற இடம் வேணும்."

"ரெயில்வே ஸ்ரேசன்!"

"பௌர்ணமிக்குப் போயா லீவு வந்தால் ஸ்ரேசனிலை சனம் கூட. அந்தக் கிழமையளிலை கிளிக்கும் கூட. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒண்டுமில்லை. ஒரு ஞாயிறும் இல்லை."

"ஞாயிறு காலமை லீவு எடுக்கிற கள்ளன்" என்றான் லியோன். "எங்கடை வேதக்கார ஆள் போல. ஆறரைக்குச் சேர்ச்சிலை ஆராதனை. நானும் வேதக்காரன்தான், ஆனால் களவெண்டு இறங்கினால் ஞாயிறும் பாக்கமாட்டன்."

உதயகலா வீடியோவின் பதிவைத் திறந்தாள். பார்ப்பவர்கள் எந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று ஒரு கோடு காட்டும். கோடு நேரே போய், ஓரிடத்தில் மட்டும் மண் புற்றுப்போல எழும்பியிருந்தது. இரண்டாவது நிமிடம்.

"தாலி கட்டுற இடமாக்கும்" என்றான் லியோன்.

"தாலி மூண்டாவது நிமிசம்."

அவள் ஓடவிட்டாள். இரண்டாவது நிமிடத்தில் மேளம் தாழ்ந்திருந்தது. மணப்பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தாரை வார்க்கிற இடம். கையைப் பிடித்திருந்தவர் வெள்ளை மீசைக்காரர். மாப்பிள்ளையின் சாயல் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா கனகலிங்கம் என்று வீடியோவுக்குக் கீழே பெயரும் போட்டிருந்தது.

"உதிலை திருப்பித் திருப்பிப் பாக்க என்ன கிடக்கு?"

"கலியாணம் பாக்க வந்தவை தாலி கட்டுறதைப் பாப்பினம்" என்றாள் உதயகலா. "பெண்டுகள் சீலையைப் பாப்பினம். தாரை வாக்கிறதை மட்டும் பாக்க ஒரு ஆளாலைதான் ஏலும். அந்த இடத்திலை நிண்டிருக்க வேண்டிய ஆள்."

லியோன் கையிலிருந்த ரோல்ஸைக் கீழே வைத்தான். அவனை அவளுக்குத் தெரிந்த நாலு வருடத்தில் பகிடி வராமல் நின்றது அன்றுதான்.

"தகப்பன்" என்றான் கடைசியில்.

"சைவப் பெடியனைக் கட்டினதாலை வரேல்லை. வரேல்லை எண்டு ஊருக்குச் சொல்லியும் இருப்பார். அதுதான் வீட்டிலை ஃபோன் வைச்சுப் பாக்கேலாது. ஒவ்வொரு நாளும் காலமை ஸ்ரேசனுக்கு வந்து, தெரியாத ஆக்களிட்டை மகளைக் கேட்டு வாங்கிப் பாத்திட்டுப் போறார். மேலை வாறதை அமத்தினால் படம் வரும் எண்டு ஆரோ காட்டிக் குடுத்திருக்கினம். மேலை வாறது விளம்பரம் எண்டு அவருக்கு எங்கை தெரியும்?"

"அதுக்குக் கீழையும் அதே கடை சும்மா வருமே. அதை அமத்தினால் ஒரு சதமும் போகாது."

"ஓம்."

மகளைப் பார்த்துப் பார்த்தே அவளைக் கட்டாருக்குத் துரத்திக்கொண்டிருந்தார் மனுசன். உதயகலா விளம்பரத்தைத் திருத்தி வைத்தாள். நாளை மத்தியானத்திலிருந்து அது வெளிநாட்டில் மட்டும் தெரியும். பதினொன்றரைக்கு முன் எழும்பாது. 'படம் காட்டும்' என்று தேடுகிறவர்களுக்கு வராது, 'மணவறை புக்கிங்' என்று தேடுகிறவர்களுக்கு வரும். கடை பிழைக்க அவ்வளவும் போதும். பத்து நிமிட வேலை.

பிறகு ரஞ்சினிக்கு எடுத்தாள். "ஆளைப் பிடிச்சிட்டன். நாளைக்குக் காலமை ஆறரைக்கு ஸ்ரேசனுக்கு வாங்கோ. காட்டுறன்."

"சுபாங்கன்தானே அக்கா?"

"வாங்கோ."

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டான் லியோன்.

"சொன்னால் வரமாட்டா."

"உமக்கெப்பிடித் தெரியும்?"

உதயகலா ஆறிப்போன ரோல்ஸை எடுத்தாள். "தெரியும்" என்றாள்.

•

காலையில் சுன்னாகம் ஸ்ரேசனில் பனி இல்லை, வெயிலும் இல்லை. கொழும்பு போகிற சனம் பைகளுக்கு நடுவில் தூங்கி வழிந்தது. உதயகலாவும் லியோனும் மேடையின் கடைசி மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆள் ஆறு பத்துக்கே வந்துவிட்டார். எழுபது வயது. கஞ்சிபோட்ட வெள்ளைச் சேர்ட், கையில் குடை. வாங்கு வாங்காகப் பார்த்து, கொட்டாவி விடுகிற ஒருவனாகத் தெரிந்தெடுத்து, அருகில் போய் இருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே கேட்டார். கம்பஸில் படிக்கிற பெடியன் ஒருவன் கைபேசியைக் கொடுத்தான். நாலு நிமிடம். நன்றி சொல்லி எழும்பினார். அடுத்த வாங்கு.

"பேச்சுப் போட்டிக்கு வந்தவர் மாதிரி நிமிந்து நடக்கிறார்" என்று லியோன் மெல்லச் சொன்னான். "ஆளை எனக்குத் தெரியும். நதானியேல் ஐயா. சேர்ச்சிலை முன் வரிசை. பிள்ளையள் இல்லை எண்டுதான் சொல்லுறவர்."

ரஞ்சினி வந்தபோது அவர் நாலாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டியிலிருந்து இறங்கிய வேகத்திலேயே வந்தாள். ஹெல்மெற்றும் துணியும் முகத்தில் அப்படியே இருந்தன. உதயகலாவைத் தேடி மேடையில் நாலுபக்கமும் பார்த்தாள். வேர்த்த கையில் கைபேசி.

உதயகலா எழும்பினாள். எழும்பத்தான் முடிந்தது. அதற்குள் கிழவர் குடையை ஊன்றி, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"பிள்ளை, ரெயின் வர நேரம் கிடக்கு. உம்மடை ஃபோனை ஒரு நாலு நிமிசம் தாரும். ஒரு படம் பாத்திட்டுத் தாறன்."

அந்த ஹெல்மெற் அசையவில்லை.

தயக்கத்தை அவர் வேறு மாதிரி எடுத்தார். "பயப்பிடாதையும். கொண்டு ஓட மாட்டன். ஓட ஏலாது."

ரஞ்சினி வாங்கில் உட்கார்ந்தாள். கைபேசியைத் திறந்து நீட்டினாள். அவர் பக்கத்தில் இருந்து, அதை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், மரியாதையாகச் சொன்னார்: "பிள்ளை, சுன்னாகத்திலை மணவறை சோடிக்கிற கடையின்ரை கலியாணப் படத்தை ஒருக்காக் காட்டும்."

எல்லாவற்றுக்கும் மேலே ரஞ்சினியின் விளம்பரம் வந்தது. அவர் அதன்மேல் விரலை வைத்தார். அன்றைய நாலாவது கிளிக். தன்னுடைய கைபேசியாலேயே தன்னுடைய ஆவணி வியாபாரம் ஒரு படி இறங்கியதை ரஞ்சினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேளம் சின்னச் சத்தமாகக் கேட்டது. இரண்டாவது நிமிடத்தில் அவர் விரலால் பின்னுக்கு இழுத்தார். மறுபடி ஓடவிட்டார். மறுபடி இழுத்தார்.

"உதிலை கையைப் பிடிச்சு நிக்கிறாரே, அவர் பெடியன்ரை பெரியப்பா" என்றார், பக்கத்தில் இருந்த தெரியாத பிள்ளைக்கு. "நல்ல மனுசன் எண்டு கேள்வி. ஆனால் பாரும், ஒரு கையாலை பிடிச்சிருக்கிறார். மற்றக் கையாலை சால்வையைச் சரிப்பண்ணுறார். பெட்டைக்குக் கை நடுங்குது, அதை அவர் கவனிக்கேல்லை."

ரஞ்சினி துணியை அவிழ்த்தாள். பிறகு ஹெல்மெற்றை. அவர் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

திரையில் இருந்த விரல் நின்றது.

ஆறு வருடம் சேர்த்து வைத்ததில் வெளியே வந்தது இதுதான்: "மேலை வாறதை அமத்தாதேங்கோ. அதுக்குக் கீழை இருக்கிறதை அமத்துங்கோ. அதிலையும் நான்தான் வருவன். அதுக்கு எனக்குக் காசு வெட்டாது."

நதானியேல் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். முகத்தை முழுக்கப் பார்த்தார், சின்னத் திரையில் பிடிபடாத இடங்களைத் தேடுகிறவர்போல. கன்னம் ஒட்டியிருந்தது. காதோரம் ஒரு நரை இருந்தது.

பக்கத்து வாங்கில் இருந்த கம்பஸ் பெடியன் இருவரையும் பார்த்தான். திரையில் இருந்த மணப்பெண்ணைப் பார்த்தான். மறுபடி ரஞ்சினியைப் பார்த்தான். அவன் பார்த்ததை நதானியேல் கண்டார். தனக்குப் பிள்ளை இல்லை என்று ஆறு வருடமாக ஊருக்குச் சொல்லிவந்த கதை அந்த ஒரு பெடியனின் கண்ணில் முடிந்துபோனதைக் கண்டார்.

"பொலிசுக்குப் போகேல்லை அக்கா" என்று ரஞ்சினி, திரும்பாமலே, பின்னால் வந்து நின்ற உதயகலாவிடம் சொன்னாள். "போகமாட்டன்."

ரெயில் வந்தது. சனம் எழும்பிப் பைகளைத் தூக்கியது.

நதானியேல் கைபேசியை வாங்கில் வைத்தார். அது விழாதபடி நடுவுக்குத் தள்ளி வைத்தார். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குடையை ஊன்றி எழும்பி, ரெயிலுக்கு ஓடுகிற சனத்துக்கு எதிர்ப்பக்கமாக, மேடையின் நீளத்துக்கும் நடந்தார். வாசலில் இரண்டு பெண்கள் வழி மறித்து நின்றார்கள். அவர்கள் விலகும்வரை நின்றார். அவ்வளவு நேரமும் அவருடைய முதுகு மகளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு வெளியே இறங்கிப் போனார்.